ஒரு மைல் ஓட்டமும் வயதுக் கணக்கும்

இந்த ஆண்டு பொங்கல் விளையாட்டு விழாவில் நடந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எலுமிச்சம்பழ ஓட்டம், சாக்கு ஓட்டம் எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்தன. அடுத்து, "ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஒன்பது பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டில் வந்து நின்றார்கள். விசில் ஊதியவன் அடியேன். ஊதிய பத்தாவது விநாடியில் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொருவர் ஓடி முடித்தார். ஆனால் முகம் வெளுத்து அரைமணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நல்ல வேளையாக இருவருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் இதுதான் பேச்சு. "இந்த வயசில் இதெல்லாம் தேவையா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மலராசிரியர் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, "பாலம் கட்டிய அனுபவம் வேண்டாம் சார், ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன்.

பெரியவருக்கு என் பதில் இதுதான்: வளையும். ஆனால் ஐந்தில் வளைந்த அவசரத்தில் வளையாது.

நான் டாக்டர் அல்ல. விளையாட்டுப் பயிற்சியாளனும் அல்ல. சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டி, 2020 கடைசியில் ஓய்வு பெற்றவன். வேகம் என்றால் என்ன, அதை எப்படிக் கூட்டுவது, எப்போது கூட்டக் கூடாது என்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்தக் கணக்கு மனித உடம்புக்கும் பொருந்துகிறது என்பதை, அடிபட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மைல் என்னும் அளவுகோல்

ஒரு மைல் என்பது 1609 மீட்டரும் 34 சென்டிமீட்டரும். 400 மீட்டர் சுற்றளவுள்ள மைதானத்தில் நான்கு சுற்று ஓடி, மேலும் ஒன்பது மீட்டர் சொச்சம் ஓடினால் ஒரு மைல். நம் நாட்டுத் தேர்வுகளில் அந்தச் சொச்சத்தைத் தள்ளிவிட்டு 1600 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் என்ற இருபத்தைந்து வயது மருத்துவ மாணவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர் அவர். மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர் வேகம். லூப் லைனில் 15 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும் கூட்ஸ் வண்டியை அவர் சுலபமாக முந்திவிடுவார். 1999-இல் மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் ரோம் நகரில் 3 நிமிடம் 43.13 விநாடியில் ஓடினார். பெண்களில் கென்யாவின் ஃபெய்த் கிப்யேகான் 2023-இல் 4 நிமிடம் 7.64 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

இவர்களெல்லாம் தேவலோகத்து ஆட்கள். நமக்கு உதவும் அளவுகோல் வேறு. டெல்லி போலீஸ் காவலர் தேர்வில் 1600 மீட்டர் ஓட்டத்துக்கு வயதுவாரியாக ஒரு கணக்கு உண்டு. ஆண்களுக்கு முப்பது வயது வரை 6 நிமிடம், முப்பதுக்கு மேல் நாற்பது வரை 7 நிமிடம், நாற்பதுக்கு மேல் 8 நிமிடம். பெண்களுக்கு அதே வரிசையில் 8, 9, 10 நிமிடம். ஆரோக்கியமான ஒருவர் பழகினால் எட்டக்கூடிய அளவு இது. வயது கூடக் கூட நேரத்தைத் தளர்த்தியிருக்கிறார்களே தவிர, "நீ ஓடவே வேண்டாம்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் சுற்று மோசம் செய்யும்

அஜ்னியில் எங்கள் எதிர் பிளாக்கில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய பையனுக்கு வயது இருபத்தொன்று. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் பதவிக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. ஆண்களுக்கு 1600 மீட்டரை 5 நிமிடம் 45 விநாடிக்குள் ஓட வேண்டும். தாண்டும் போட்டிகளில் இரண்டு வாய்ப்பு உண்டு. ஓட்டத்துக்கு ஒரே வாய்ப்புதான். இந்தத் தேர்வும் வருஷா வருஷம் வருவதில்லை. 2018-க்குப் பிறகு 2024-இல்தான் காவலர் பதவிக்கு அறிவிப்பு வந்தது. அவன் அப்பா தனியார் கம்பெனியில் கணக்கெழுதுகிறார். வீட்டில் அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் அவன் அம்மா வந்து, "அண்ணா, இவன் ராத்திரியும் பகலுமா ஓடறான். ஆனா நேரம் குறையவே மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்" என்றார். மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். நீண்ட டேப் பிடித்து அளந்து 400 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடச் சொன்னேன். சுற்றுகள் இப்படி வந்தன: 75 விநாடி, 96, 108, 101. மொத்தம் 380 விநாடி, அதாவது 6 நிமிடம் 20 விநாடி.

"தம்பி, உனக்கு வேண்டியது 345 விநாடி. நாலால் வகுத்தால் சுற்றுக்கு 86. முதல் சுற்றை எதுக்கு 75-இல் ஓடினே?" என்று கேட்டேன்.

"முதல்லயே கொஞ்சம் நேரத்தை மிச்சம் பிடிச்சிடலாம்னு நெனச்சேன் அங்கிள்" என்றான்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் சுற்றில் 11 விநாடி மிச்சம் பிடித்தவன், அடுத்த மூன்று சுற்றில் 47 விநாடி வட்டி கட்டினான். அளவுக்கு மீறி ஓடும்போது தசைகளுக்குப் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. அப்போது வேறு வழியில் அவசரமாகச் சக்தி உண்டாக்கி, தசை சீக்கிரம் களைத்துக் கால் கல்லாகிவிடுகிறது. மறு வாரம் வேறெந்தப் பயிற்சியும் மாற்றாமல், முதல் சுற்றை 92-க்குக் குறையாமல் ஓடு என்று மட்டும் சொன்னேன். 6 நிமிடம் 7 விநாடியில் வந்து நின்றான். காசு செலவில்லாமல் 13 விநாடி லாபம்.

எந்த வயதினரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் இலக்கை நாலால் வகுத்துக்கொள்ளுங்கள். 12 நிமிடம் என்றால் சுற்றுக்கு 3 நிமிடம். 10 என்றால் இரண்டரை. 8 என்றால் 2 நிமிடம். 6 என்றால் ஒன்றரை. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். செல்போன் காட்டும் தூரத்தைச் சிறிய மைதானத்தில் முழுதாக நம்ப வேண்டாம். மரமும் கட்டடமும் சூழ்ந்த இடத்தில் அது கூட்டியும் குறைத்தும் காட்டும்.

இன்ஜினும் கடைசிப் பெட்டியும்

ஒரு மைல் ஓடத் தேவையான சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, மூச்சில் இழுக்கும் பிராணவாயுவைக் கொண்டு கிடைப்பது. மெதுவாக ஓடுபவர்களுக்கு அது இன்னும் கூடுதல். ஆகவே தினமும் தலைதெறிக்க ஓடுவதால் மைல் நேரம் குறையாது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தம் தள்ள வேண்டும். தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருக வேண்டும். இவை இரண்டும் நிதான ஓட்டத்தில்தான் நன்றாக வளர்கின்றன.

வயதானால் என்ன ஆகிறது? இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது. 208-இலிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உத்தேசமாக ஒரு கணக்குக் கிடைக்கும். அந்தக் கணக்கில் இருபத்தொரு வயதுப் பையனுக்கு 193, முப்பத்தேழு வயது என் மருமகளுக்கு 182, அறுபத்தைந்தைத் தொட்ட எனக்கு 162. பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனும், பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் குறைகிறது. விடாமல் நன்றாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அதில் பாதியளவுதான் குறைகிறது. வேகத்துக்கான தசை இழைகள் மெலிகின்றன. அதனால் எட்டு வைக்கும் தூரம் சுருங்குகிறது.

கேட்டால் பயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒன்றை யோசியுங்கள். கூரை இறங்கிக்கொண்டிருப்பது உண்மைதான். நாமோ தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறோம். கூரை ஓர் அடி இறங்கினால் நமக்கென்ன நஷ்டம்? எழுந்து உட்கார்ந்தாலே லாபம். இருபது வயதில் போட்டியில் ஓடியவர் அறுபதில் தன் பழைய நேரத்தை எட்ட முடியாது. இதுவரை ஓடாதவர் அறுபதில் தொடங்கினால் சில வருஷங்கள் வரை முன்னேறிக்கொண்டே போகலாம்.

அயர்லாந்தின் ஈமன் காக்லன் 1994-இல், நாற்பத்தொரு வயதில், நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடினார். சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் அம்மையார் ஓடத் தொடங்கியதே தொண்ணூற்று மூன்று வயதில். 2017-இல் ஆக்லாந்தில் நடந்த உலக முதியோர் விளையாட்டில் 101 வயதில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபௌஜா சிங், எண்பது வயதுக்கு மேல் ஓட்டத்தில் இறங்கி, 2000-இல் லண்டன் மாரத்தானிலும், தம் பாஸ்போர்ட் கணக்குப்படி நூறு வயதில் 2011-இல் டொரண்டோ மாரத்தானிலும் ஓடினார்.

பிறகு நம் ஆட்கள் மட்டும் ஏன் பத்தாவது விநாடியில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்? இங்கேதான் என் பழைய உத்தியோகம் உதவிக்கு வருகிறது.

லைனில் வேகக் கட்டுப்பாடு உள்ள இடத்தைத் தாண்டும்போது டிரைவர் நினைத்தவுடன் வேகத்தைக் கூட்ட முடியாது. கட்டுப்பாடு முடியும் இடத்திலிருந்து ஒரு முழு வண்டியின் நீளம் தள்ளி ஒரு பலகை நட்டிருப்போம். அதை இன்ஜின் எட்டிய பிறகே வேகம் கூட்டலாம். அப்போதுதான் கடைசிப் பெட்டியும் பழுதுள்ள இடத்தைத் தாண்டியிருக்கும்.

உடம்பில் இதயமும் நுரையீரலும் இன்ஜின். அவை சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் கடைசிப் பெட்டிகள். அவை கெட்டிப்பட மாதக்கணக்காகும். வயது கூடக் கூட வண்டி நீளமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் தாண்டிவிட்டது, மூச்சு வாங்கவில்லை என்று உற்சாகமாக வேகத்தைக் கூட்டுகிறோம். கடைசிப் பெட்டி இன்னும் பழுதான இடத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் தடம் புரள்கிறது.

நான் செய்த தவறு

ஓய்வு பெற்ற ஒரு வருஷத்தில் என் எடை எட்டு கிலோ கூடியிருந்தது. மூன்றாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. 2022-இல், அறுபத்தொன்றாவது வயதில், டாக்டரிடம் காட்டி, ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் முடித்து, மைதானத்தில் இறங்கினேன். முதல் 1600 மீட்டர், பாதி நடை பாதி ஓட்டமாக, 12 நிமிடம் 20 விநாடி. ஆறு மாதத்தில் ஒன்பதரை நிமிடத்துக்கு வந்துவிட்டேன். தலைகால் புரியவில்லை. தீபாவளிக்குள் ஒன்பது நிமிடம் என்று எனக்கு நானே சபதம் போட்டுக்கொண்டு, தொடர்ந்து நான்கு நாள் முழு மூச்சாக ஓடினேன்.

நான்காம் நாள் மூன்றாவது சுற்றில் யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. தசை கிழிந்திருந்தது. ஏழு வாரம் வீட்டில் கிடந்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஒத்தடம் கொடுக்கும்போது, "புது ஜல்லி போட்ட லைன்ல எக்ஸ்பிரஸ் விட்டிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் எந்த அதிகாரியும் என்னை அப்படி மடக்கியதில்லை.

20, 45, 75

ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திரும்பப் போட்ட லைனில், கையால் ஜல்லி திணிக்கும் இடங்களில், முதலில் 20 கிலோமீட்டர் வேகம்தான். வண்டிகள் ஓட ஓட ஜல்லி இறுகும். மறுபடி திணித்துச் சமன் செய்து 45. பிறகு 75. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்தே முழு வேகம். ஓட்டத்துக்கும் நான்கு படிகள் வைத்திருக்கிறேன். வாரங்கள்தான் வேறு.

முதல் படி நிதான ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். ஓட முடியாதவர்கள் இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் ஓடலாம். வாரத்துக்கு மூன்று, நான்கு நாள். இளைஞர்களுக்கு ஆறு வாரம், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எட்டு வாரம், அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பன்னிரண்டு வாரம். அலுப்பூட்டும் படி இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுதான்.

இரண்டாம் படியில், நிதான ஓட்டத்தின் முடிவில் வாரம் இருமுறை 80 மீட்டர் தூரத்துக்கு நான்கு முறை, உடம்பை இறுக்காமல் சற்று வேகமாக ஓட வேண்டும். இது பந்தயம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் நடுவே நடந்து திரும்பி வர வேண்டும். கால் எட்டு வைப்பது சீராகும்.

மூன்றாம் படி சுற்றுப் பயிற்சி. இலக்கு வேகத்தில் ஒரு சுற்று. பிறகு இரண்டு மூன்று நிமிடம் நடை. மறுபடி ஒரு சுற்று. நான்கில் தொடங்கி ஆறு வரை போகலாம். பையன் 90 விநாடியில் நான்கு சுற்றாகத் தொடங்கி, பன்னிரண்டாம் வாரத்தில் 84 விநாடியில் ஆறு சுற்றுக்கு வந்தான். எனக்கு 2 நிமிடம் 10 விநாடியில் நான்கு சுற்று. நடுவே மூன்று நிமிட நடை.

நான்காம் படி சோதனை ஓட்டம். மாதம் ஒருமுறை போதும். தினமும் நேரம் பார்ப்பது, விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

ஓய்வும் பயிற்சியில் சேர்த்திதான். பானிஸ்டரும் நண்பர்களும் 1954-இல் பத்துச் சுற்று ஓடி, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஓய்வெடுத்துப் பழகினார்கள். 66 விநாடியில் தொடங்கியது 61-இல் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சில நாள் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார்கள். திரும்பி வந்து ஓடினால் 59 விநாடி!

வயதுக்கு ஏற்ற இடைவெளி

இந்த நான்கு படிகளும் எல்லா வயதினருக்கும் பொது. வயதோடு முக்கியமாக மாறுவது, ஒரு கடுமையான நாளுக்கும் அடுத்த கடுமையான நாளுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. எங்கள் மைதானக் குறிப்பேட்டின்படி, பையனுக்கு இரண்டு நாள் போதும். மருமகளுக்கு மூன்று நாள் வேண்டும். எனக்கு நான்கு நாள். அந்த இடைவெளியில் சும்மா இருப்பதில்லை. நடையோ நிதான ஓட்டமோ உண்டு.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஸ்டாப்வாட்ச் வைத்து விரட்டாதீர்கள். கபடி, கோகோ, கால்பந்து, ஓடிப்பிடித்தல் போதும். வளரும் எலும்புக்கு ஒரே வகையான ஓட்டத்தைத் தினமும் திணிப்பது நல்லதல்ல.

பதினெட்டிலிருந்து முப்பது வரை வாரம் ஐந்து நாள் ஓடலாம். அதில் இரண்டு நாள் கடுமை. இந்த வயதில் ஆபத்து, ஆர்வக் கோளாறுதான். எங்கள் பையன் மூன்றாம் வாரத்தில் எனக்குத் தெரியாமல் சாயங்காலமும் வேறொரு கோஷ்டியோடு ஓடியிருக்கிறான். முன்னங்கால் எலும்பில் வலி. "என்ன அங்கிள், பத்து நாள் சும்மா இருக்கணுமா?" என்று கண் கலங்கினான். "இப்போ பத்து நாள் நின்னா தேர்வுக்கு ஓடலாம். நிக்காட்டா தேர்வன்னிக்கு நிக்கணும்" என்றேன். கேட்டுக்கொண்டான்.

முப்பதிலிருந்து ஐம்பது வரை வாரம் நான்கு நாள். ஒரு நாள் கடுமை. வேலை, பிள்ளைகள், சமையல் என்று நேரமில்லாத வயது. இருபத்தைந்து நிமிடம் கிடைத்தாலும் போதும். விட்டு விட்டுச் செய்யாமல் தொடர வேண்டும்.

ஐம்பதுக்கு மேல் வாரம் மூன்று அல்லது நான்கு நாள். ஒரு நாள் மட்டும் கடுமை. ஓடும் முன் பதினைந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்ற வேண்டும். இத்துடன் வாரம் இருமுறை தசைப் பயிற்சி அவசியம். ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும், மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதும் போதும். கெண்டைக்கால் தேறியது எனக்கு இந்தப் படிக்கட்டுப் பயிற்சியால்தான். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை என்று புரதமும் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரண்டு டம்ளர் காபி புரதத்தில் சேராது.

பெண்கள் கவனத்துக்கு

என் மருமகள் தொடங்கியபோது 1600 மீட்டருக்கு 12 நிமிடம் 40 விநாடி. இரண்டு மாதம் ஒழுங்காகப் பழகியும் நேரம் அசையவில்லை. "மாமா, எனக்கு இது வராது போல" என்று விட்டுவிட இருந்தாள். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2. பிராணவாயுவைச் சுமந்து செல்வது அதுதான். வேகன் பற்றாக்குறை இருந்தால் எத்தனை இன்ஜின் பூட்டினாலும் சரக்கு போய்ச் சேராது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் வீட்டுப் பெண்கள் "சோர்வா இருக்கு" என்றால் நாம் பெரும்பாலும் காதில் வாங்குவதில்லை.

டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். அளவு 11.8-க்கு வந்தது; ஓட்டம் 10 நிமிடம் 20 விநாடிக்கு வந்தது. ஏழாம் மாதம் 8 நிமிடம் 55 விநாடி. டெல்லி போலீஸ் கணக்குப்படி அவள் வயதுக்குத் தேர்ச்சி! ஆகவே, நேரம் குறையவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டும் முன் ரத்தத்தைப் பாருங்கள்.

சிவப்பு விளக்கு

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் வேகப் பயிற்சியில் இறங்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகை, நாடித்துடிப்பைக் குறைத்து வைக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன துடிப்புக் கணக்கு பொருந்தாது. பேச்சுக் கணக்கே சரி. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். "இந்தச் சுற்றை முடித்துவிட்டு" என்ற பேச்சே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் ஊர் மே மாத வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 45 டிகிரி தாண்டும். சூரியன் ஏறும் முன் முடித்துவிடுங்கள். அந்த மாதத்தில் நேரம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்டவாள ஓரம் ஓடவே கூடாது. முன்னாள் ரயில்வேக்காரன் சொல்கிறேன்.

இளைஞர்களுக்கு ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் கலால் காவலர் தேர்வுக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வேலைக்காகப் போன பிள்ளைகள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இத்தகைய தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை இருந்தால், அறிவிப்பு வந்த பிறகு ஓடத் தொடங்க விடாதீர்கள். விண்ணப்பம் போடும் அன்றே நிதான ஓட்டத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

பையன் பதினாறாம் வாரம் எங்கள் மைதானத்தில் 5 நிமிடம் 38 விநாடியில் ஓடினான். சுற்றுகள் 85, 85, 86, 82. தேர்வன்று அவனோடு ஓடியவர்கள் பலர் முதல் சுற்றில் அவனை விட்டுவிட்டுப் பறந்தார்களாம். "கடைசி ஆளா போயிட்டிருந்தேன் அங்கிள், பயமா இருந்துது. ஆனா 86-னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஓடினேன். மூணாவது சுத்துல ஒவ்வொருத்தரா நடக்க ஆரம்பிச்சாங்க" என்றான். தேறிவிட்டான். அவன் அம்மா கேசரி கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரைக்காக இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டேன்.

என் நேரம் இப்போது 8 நிமிடம் 36 விநாடி. போலீஸில் சேர இன்னும் 36 விநாடி பாக்கி. அவசரமில்லை, வண்டி நீளம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விழாவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அக்டோபர் முதல் வாரத்திலேயே பெயர் வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் பழகியவர்களை மட்டும் கோட்டில் நிற்க விடுங்கள். முதலில் வந்தவருக்குக் கொடுக்கும் பரிசை, அக்டோபரில் ஓடியதைவிட ஜனவரியில் அதிகம் நேரம் குறைத்தவருக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நானும் மருமகளும் மைதானத்தில் இருப்போம். தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்பர் போன வாரமே வந்துவிட்டார். நடையில்தான் தொடங்கியிருக்கிறார். "ஐந்தில் வளையாதது" என்று கேட்ட பெரியவரையும் எதிர்பார்க்கிறேன்.